ஈன்ற பசுவின் பசி

விருத்தாசலத்திலிருந்து திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், வெள்ளாற்றுக்கு அண்மையில், பெண்ணாடம் என்னும் ஊர் இருக்கிறது. தேவாரம் திருத்தூங்கானைமாடம் என்று போற்றும் கோயில் அவ்வூரில்தான் உள்ளது. பெண்ணாகடம் என்பது ஊரின் பழம்பெயர். இந்திரனுடைய பூசைக்கு மலர் பறிக்க வந்த தேவகன்னியர் அங்கே இறைவனைக் கண்டு மெய்ம்மறந்து தங்கிவிட்டனராம். அவர்களைத் தேடி வந்த காமதேனுவும் தங்கிவிட்டதாம். அதைத் தேடி வந்த வெள்ளை யானையும் திரும்பவில்லையாம். பெண்ணும், ஆவும், கடம் என்னும் யானையும் வழிபட்ட தலமாதலால் பெண்ணாகடம் ஆயிற்று என்று தலபுராணம் கூறும்.

புராணப் பெருமை பேசுவது இன்று என் நோக்கமன்று. யானையை விட்டுவிடுவோம். பெண்ணையும் ஆவையும் அவ்வூரில் இன்றைக்கும் ஒருங்கே காணலாம். விடியற்காலையில் பால் பாத்திரத்துடன் சங்கத்துக்கு நடக்கும் பெண்கள், வாசலில் கட்டியிருக்கும் கறவை மாடு, பக்கத்தில் துள்ளும் கன்று, இவை அந்தப் பகுதியின் அன்றாடக் காட்சிகள். அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பசு, கால்நடை மருத்துவனாக இருந்த எனக்குப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடம் கற்பித்தது. கல்லூரியில் நான் படித்துத் தேர்ச்சி பெற்ற பாடம்தான் அது. ஆயினும் அந்தப் பசுவின் முன்னே நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கதையைத்தான் மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த வீட்டுக்கு உரியவர் கணவனை இழந்த ஓர் அம்மையார். அவருக்கு ஒரே மகள்; கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நிலம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஜெர்சிக் கலப்பில் பிறந்த ஒரு பசுதான் சொத்து. அதன் நிறத்தை வைத்துச் செவலை என்று அழைத்தார்கள். மூன்றாவது கன்று ஈன்று மூன்று வாரம் ஆகியிருந்தது. நாளொன்றுக்கு 14 லிட்டர் கறந்த மாடு, ஒரு வாரத்துக்குள் 9 லிட்டருக்கு இறங்கிவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள். நான் போனேன்.

பசு நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை. மடியில் வீக்கம் இல்லை. பாலில் திரி இல்லை. ஆனால் முகத்தில் ஒரு சோர்வு. கழுநீர்த் தொட்டியில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கரைத்து வைத்திருந்தார்கள். செவலை அதை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கீழே கிடந்த வைக்கோலை மட்டும் மெல்ல இழுத்துத் தின்றது.

“நாலு நாளா இப்படித்தாங்க ஐயா. தொட்டியத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. வைக்கோலத்தான் கடிக்குது. கண்ணு பட்டுடுச்சுன்னு மிளகாய் சுத்திப் போட்டேன். வெல்லம் கரைச்சு ரெண்டு வேளை ஊத்தினேன். ஒண்ணும் கேக்கல” என்றார் அந்த அம்மையார்.

வயிற்று மந்தம் என்று முடிவு செய்தேன். அதற்குரிய பொடியைக் கொடுத்து, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லித் திரும்பினேன். முடிவு செய்ய எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த விரைவுதான் என் பிழை.

மூன்றாம் நாள் காலையில் மீண்டும் ஆள் வந்தது. போய்ப் பார்த்தபோது வீட்டு வாசலில் சிறு கூட்டம். செவலை சுவரை நக்கிக்கொண்டிருந்தது. நக்குவதை நிறுத்தவே இல்லை. சுண்ணாம்பு பெயர்ந்து செம்மண் தெரிந்தது. வாயிலிருந்து உமிழ்நீர் ஒழுகிற்று. பிறகு தலையைத் தொட்டியின் விளிம்பில் அழுத்திக்கொண்டு நின்றது, தொட்டால் திடுக்கிட்டது. வெறிநாய் கடித்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். பசுவை அவிழ்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும் என்று மற்றொருவர் சொன்னார். அம்மையார் ஒன்றும் பேசாமல் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது அந்த மகள் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்துடன் வந்தாள். சங்கத்தில் பால் ஊற்றும்போது கொடுக்கும் சீட்டுகளிலிருந்து, அன்றன்றைய அளவையும் கொழுப்புச் சத்தையும் அவள் எழுதி வைத்திருந்தாள். “ஐயா, ஒரு சந்தேகம். பால் 14 லிட்டரிலிருந்து 9 லிட்டருக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் கொழுப்பு 4.2இலிருந்து 5.6க்கு ஏறியிருக்கிறது. மாடு தின்னவே இல்லையே. அப்படியிருக்க இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது போல் இருந்தது. பசுவின் பின்புறத்தைப் பார்த்தேன். ஈனும்போது கொழுகொழுவென்று இருந்த மாடு என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். இப்பொழுதோ இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தின்னாத பசு பாலுக்கு வேண்டிய கொழுப்பைத் தன் உடம்பிலிருந்தே கரைத்து இறக்கிக்கொண்டிருந்தது! சாணத்தைப் பார்த்தேன், உலர்ந்து இறுகி, மேலே சளி பூசியதுபோல் பளபளத்தது. பசுவின் மூச்சில் இனிப்பும் காரமும் கலந்த ஒரு நெடி. நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தில் வருமே, ஏறத்தாழ அந்த மணம். முதல் நாளே அது இருந்திருக்கும், நான் கவனிக்கவில்லை.

மருந்தகத்துக்குச் சென்று ஒரு சிறு புட்டியைக் கொண்டுவந்தேன். அம்மோனியம் சல்பேட், சோடியம் கார்பனேட், சிறிதளவு சோடியம் நைட்ரோபுரூசைடு ஆகியவை கலந்த வெண்பொடி அதில் இருந்தது. ராத்தெரா என்பவர் 1908இல் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம் அது. நிறம் தெரிய வெண்மையான தட்டு வேண்டும். விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊராயிற்றே. அங்கே சுட்ட ஒரு வெள்ளைத் தட்டு அந்த வீட்டிலேயே இருந்தது. அதில் பொடியைப் பரப்பி, அன்று கறந்த பாலில் சில துளிகள் விட்டேன். ஒரு நிமிடத்துக்குள் பொடி கத்தரிப்பூ நிறமாயிற்று. கூட்டத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணேறும் அன்று, வெறியும் அன்று. பாலில் கீட்டோன் இருந்தது.

இந்த நோய்க்குக் கீட்டோசிஸ் என்று பெயர். இரத்தத்தில் கீட்டோன் என்னும் பொருள்கள் மிகுந்துவிடுவதால் அப்பெயர் வந்தது. அது என்ன, ஏன் வருகிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நாம் சோறு உண்டால் அதிலுள்ள மாவுப்பொருள் குடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேருகிறது. பசுவுக்கு அப்படியன்று. அது தின்ற தீனி முதலில் ரூமன் என்னும் பெருவயிற்றில் தங்குகிறது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை தீனியைப் புளிக்கவைத்து, அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் என்னும் மூவகை அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. ஆகவே பசுவின் குடலிலிருந்து சர்க்கரையாக இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பமே. தனக்கு வேண்டிய குளுக்கோஸ் சர்க்கரையைப் பசு தன் கல்லீரலில் தானே செய்துகொள்ள வேண்டும். அதற்கு முக்கியமான மூலப்பொருள் புரோபியானிக் அமிலம். பசு நன்றாகத் தின்றால் அந்த அமிலம் கிடைக்கும், தின்னாவிட்டால் கிடைக்காது.

இனி, செலவுப் பக்கத்தைப் பாருங்கள். பாலின் இனிப்புக்குக் காரணம் லாக்டோஸ் என்னும் சர்க்கரை. அதை மடி குளுக்கோஸிலிருந்துதான் உண்டாக்குகிறது. ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸ் தேவை. 14 லிட்டர் கறக்கும் பசுவின் மடி நாள்தோறும் ஏறக்குறைய ஒரு கிலோ குளுக்கோஸை உறிஞ்சிக்கொள்கிறது என்று கணக்காகிறது. பசுவின் இரத்தத்திலோ 100 மில்லிலிட்டருக்கு 40 முதல் 70 மில்லிகிராம் குளுக்கோஸ்தான் இருக்கும். அதாவது கையிருப்பு மிகக் குறைவு. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கும் குடும்பம் அது.

கன்று ஈன்றபின் பால் நாளுக்கு நாள் பெருகி, நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. பசியோ அவ்வளவு விரைவில் பெருகுவதில்லை. அது உச்சத்தை அடைய மேலும் சில வாரங்கள் ஆகும். பால் முந்துகிறது, பசி பிந்துகிறது. இடைப்பட்ட வாரங்களில் வரவைவிடச் செலவு மிகுதி. கன்றுக்காகச் சுரப்பதைத் தாய்மை நிறுத்துவதில்லை. ஆகவே பசு தன் உடம்பில் சேமித்த கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. ஓரளவுக்கு இது இயற்கையே. நல்ல கறவை மாடுகள் எல்லாமே ஈன்றபின் சற்று இளைக்கும்.

அளவு மீறும்போதுதான் துன்பம். கரைந்த கொழுப்பு கல்லீரலை வந்தடைகிறது. அது முழுவதும் எரிந்து சக்தியாக வேண்டுமானால், அதனுடன் சேர்ந்து எரிய வேறொரு பொருள் வேண்டும். குளுக்கோஸ் செய்வதற்கும் அதே பொருள்தான் வேண்டும். சர்க்கரைப் பஞ்சத்தில் ஈரல் அதை அந்த வேலைக்கே செலவிட்டுவிடுகிறது. அப்போது கொழுப்பு அரைகுறையாக எரிகிறது. ஈர விறகை அடுப்பில் திணித்தால் தீயைவிடப் புகை மிகுவதைக் கண்டிருக்கிறீர்கள். ஈரலில் எழும் அந்தப் புகைதான் கீட்டோன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிதளவு இருந்தால் தசையும் இதயமும் அவற்றை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்ளும். மிகுந்துவிட்டால் பசியை அடக்கிவிடும். பசி அடங்கினால் தீனி குறையும். தீனி குறைந்தால் சர்க்கரை குறையும். சர்க்கரை குறைந்தால் இன்னும் கொழுப்பு கரையும். இவ்வாறு நோயே நோயை வளர்க்கிறது. மூளைக்கு வேண்டிய சர்க்கரை குறைவது, செவலை சுவரை நக்கியது போன்ற பித்துச் செயல்களுக்கு ஒரு காரணமாகும். கீட்டோன்களுள் ஒன்றாகிய அசிட்டோன் எளிதில் ஆவியாவது. அதுவே மூச்சிலும் பாலிலும் மணக்கிறது.

சர்க்கரைப் பஞ்சம் என்றால் வெல்லம் கொடுத்தது சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். கரும்பு விளையும் அந்தப் பூமியில் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. அன்பினால் கொடுத்த வெல்லம்தான். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் எது? பெருவயிறு. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதையும் அமிலமாக்கிவிட்டன. இரத்தத்துக்குச் சர்க்கரையாகப் போகவில்லை. அந்த அமிலங்களுள் பியூட்டிரிக் அமிலம் தானே கீட்டோனாக மாறக்கூடியது. நோய்க்கு மருந்தென்று எண்ணிக் கொடுத்தது நோயின் பக்கமே சேர்ந்துகொண்டது. மிகுதியாக ஊற்றினால் வயிறு புளித்துப்போய் அதுவே தனியொரு நோயாகும். வாயில் இடும் சர்க்கரையும் இரத்தத்தில் சேரும் சர்க்கரையும் மனிதனுக்கு ஏறத்தாழ ஒன்று. அசைபோடும் விலங்குக்கு வெவ்வேறு.

செவலைக்குக் கழுத்து நரம்பின் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினேன். 50 சதவீதக் கரைசல், 500 மில்லிலிட்டர். ஒரு மணி நேரத்தில் சுவரை நக்குவது நின்றது. மாலையில் தொட்டியில் வாய் வைத்தது. அம்மையாருக்குக் கண் கலங்கியது. ஊரார் என்னைப் பெரிய மருத்துவர் என்றார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இரண்டாம் நாள் செவலை மறுபடியும் தொட்டியைப் புறக்கணித்தது. நான் மீண்டும் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 500 மில்லிலிட்டர் கரைசலில் இருப்பது 250 கிராம் குளுக்கோஸ். மடிக்கு நாள்தோறும் வேண்டியதோ ஏறக்குறைய ஒரு கிலோ. நான் ஏற்றியது சில மணி நேரச் செலவுக்குத்தான் போதும்! எரியும் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பிய கதை அது. தொடர்ந்து சர்க்கரை கிடைக்க வழிசெய்ய வேண்டும்.

அதற்கு உதவுவது புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் திரவம். பெருவயிற்றின் நுண்ணுயிர்களால் இதை முழுவதும் அழிக்க முடியாது. ஒரு பகுதி தப்பி ஈரலை அடைந்து குளுக்கோஸாக மாறுகிறது. மற்றொரு பகுதி பெருவயிற்றிலேயே புரோபியானிக் அமிலமாகி, அதுவும் குளுக்கோஸாகிறது. இதையும் கிளிசராலையும் கீட்டோசிஸுக்குப் பயன்படுத்துவது பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை 1954இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. இன்றைக்கும் உலகெங்கும் கையாளப்படும் முறை இதுவே. நாளுக்கு ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் வரை கொடுப்பது வழக்கம். தேவையானால் வைட்டமின் பி12, ஸ்டீராய்டு ஊசி முதலியவற்றை மருத்துவர் சேர்ப்பார். ஸ்டீராய்டு ஊசியை மருத்துவரல்லாதார் தொடவே கூடாது.

செவலைக்கு ஐந்து நாள் கொடுத்தேன். கொடுக்கும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். மாட்டின் நாக்கை இழுத்துப் பிடித்து, தலையை அண்ணாந்து தூக்கி, மூங்கில் குழாயால் மளமளவென்று ஊற்றும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. திரவம் மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் அழற்சி வந்து, பிழைக்க வேண்டிய மாடு இறந்துவிடும். தலையை முதுகு மட்டத்துக்கு மேல் உயர்த்தாமல், நாக்கை விட்டுவிட்டு, கடைவாய் வழியாகச் சிறிது சிறிதாக விழுங்கவிட்டுக் கொடுக்க வேண்டும். இருமினால் உடனே நிறுத்த வேண்டும்.

செவலை பிழைத்தது. ஆனால் அந்த ஈற்றில் பழைய 14 லிட்டரை அது மீண்டும் எட்டவேயில்லை. அடுத்த சினைக்கும் நெடுநாள் பிந்திற்று. முதல் நாளே நான் மூச்சை முகர்ந்திருந்தால், சாணத்தைக் குனிந்து பார்த்திருந்தால், அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் இழப்பு அவ்வளவு ஆகியிராது. அந்தப் பருவத்துக் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மையார் கடன் வாங்கினார் என்று பின்னர் அறிந்தேன்.

இந்த நோய் நம் பாட்டனார் காலத்தில் இவ்வளவு பேசப்படாதது ஏன்? காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் முதலிய நம் நாட்டினங்கள் உழைப்புக்குப் பெயர்பெற்றவை. கன்றுக்குப் போக வீட்டுக்கு ஓரிரு படி கறந்த அந்தப் பசுக்களின் மடி, ஈரலை இவ்வாறு நெருக்கவில்லை. பின்னர் ஜெர்சி, பிரீசியன் இனங்களின் கலப்பு பரவிற்று. 1970இல் தொடங்கிய வெண்மைப் பெருக்குத் திட்டம் கிராமந்தோறும் பாலுக்குச் சந்தையை உண்டாக்கியது. நிலமில்லாத குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. அதைக் குறை கூறுவாரில்லை. ஆனால் மாட்டின் மடியை மாற்றிய நாம் தொட்டியை மாற்றவில்லை. நாலு படி கறந்த மாட்டுக்குப் போதுமான தீனியை 14 லிட்டர் கறக்கும் மாட்டுக்கும் போட்டால் மிச்சத்தை அது தன் உடம்பிலிருந்துதானே எடுக்கும்?

இனி, நோயை முன்கூட்டி அறிவது எப்படி என்று தொகுத்துச் சொல்கிறேன். ஈன்ற முதல் ஆறு வாரம் கவனம் வேண்டிய காலம். முதலாவது, தீனி. பசு முதலில் வெறுப்பது புண்ணாக்கும் தவிடும் கலந்த அடர்தீனியை. வைக்கோலையும் புல்லையும் பிறகும் கடித்துக்கொண்டிருக்கும். இந்த வரிசையே ஓர் அடையாளம். இரண்டாவது, பால். அளவு குறையக் கொழுப்பு உயர்ந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள், ஐயப்படுங்கள். மூன்றாவது, உடம்பு. காய்ச்சலின்றி விரைவாக இளைக்கிறதா என்று பாருங்கள். நான்காவது, சாணம் உலர்ந்து சளி பூசியிருக்கிறதா என்பது. ஐந்தாவது, மூச்சின் நெடி. எல்லோருடைய மூக்குக்கும் அந்த நெடி எட்டுவதில்லை. ஆகவே நெடி இல்லையென்பதால் நோய் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

அடையாளம் ஏதும் வெளியே தெரியாமலே கீட்டோன் மிகுந்திருக்கும் மாடுகளும் பல. அவற்றை அறியச் சோதனைதான் வழி. சிறுநீரில் கீட்டோன் செறிவு மிகுதியாதலால் நல்ல மாட்டிலும் சில வேளை லேசாக நிறம் காட்டும். பாலில் நிறம் காட்டினால் அதைப் பெரிதும் நம்பலாம். இப்பொழுது ஒரு துளி இரத்தத்தைப் பட்டையில் தொட்டுக் கைக்கருவியில் அளவு பார்க்கும் முறையும் வந்துவிட்டது. நீரிழிவுக்காரர்கள் வீட்டில் வைத்திருக்கும் கருவியைப் போன்றதே அது. பீட்டா ஹைடிராக்சி பியூட்டிரேட் என்னும் கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோல் அளவைத் தாண்டினால் வெளிப்படாத நோய் என்று கொள்கிறார்கள். 3 அளவை நெருங்கினால் பெரும்பாலும் அடையாளங்கள் வெளியே தெரியும்.

வேறு நோய்களோடு இதை மயங்கிவிடக் கூடாது. ஈன்ற மூன்று நாளுக்குள் பசு படுத்துவிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காது குளிர்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் பால் காய்ச்சல். சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது. அதற்குச் சிகிச்சை வேறு, தாமதமும் ஆகாது. மடிநோய், கருப்பை அழற்சி போன்றவற்றால் தீனி குறைந்து, அதன் விளைவாகக் கீட்டோசிஸ் வருவதும் உண்டு. அப்போது மூல நோயைத் தீர்க்காமல் இதை மட்டும் தீர்க்க இயலாது. இன்னொன்று மிக முக்கியம். உமிழ்நீர் ஒழுகி மிரளும் மாடு உண்மையாகவே வெறிநோய் கண்டதாகவும் இருக்கலாம். ஆகவே மருத்துவர் வந்து முடிவு செய்யும் வரையில் அதன் வாய்க்குள் கை விடாதீர்கள், மருந்தும் ஊற்றாதீர்கள்.

வருமுன் காப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. சினை மாட்டை ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு பால் வற்றச் செய்வார்கள். அந்த இரண்டு மாதத்தில் கண்டபடி கொழுக்கவைப்பதுதான் நாம் செய்யும் தவறு. உடல்நிலையை 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டுப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. ஈனும்போது 3 அல்லது 3.5 இருந்தால் போதும். அதற்கு மேல் கொழுத்த மாடு ஈன்றபின் குறைவாகத் தின்னும். விரைவாகக் கொழுப்பைக் கரைக்கும். செவலைக்கு நேர்ந்தது இதுவே. அன்பு மிகுதியால் அதைக் கொழுக்கவைத்திருந்தார்கள்.

ஈனுவதற்கு முன் கடைசி இரண்டு மூன்று வாரத்தில், பெருவயிற்று நுண்ணுயிர்கள் பழகும்பொருட்டு அடர்தீனியைச் சிறிது சிறிதாகத் தொடங்க வேண்டும். ஈன்றபின் பால் ஏற ஏறப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் கொட்டக் கூடாது. உடம்பைப் பேணுவதற்கு உரிய தீனிக்கு மேல், ஒவ்வொரு இரண்டரை அல்லது மூன்று லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீனி என்பது பொதுக் கணக்கு. கரும்புத் தோகை வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் குறைவு. அதை மட்டும் நம்பாமல் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், வேலிமசால், அகத்தி முதலியவற்றில் கிடைப்பதைச் சேர்க்க வேண்டும். தாது உப்புக் கலவையும், எந்நேரமும் எட்டும் இடத்தில் தண்ணீரும் வேண்டும். முன்பு இந்நோய் கண்ட மாடாயின், மருத்துவரைக் கேட்டு ஈன்றவுடனேயே புரோப்பிலீன் கிளைக்கால் தொடங்கலாம்.

மாணவர்களே, உங்களில் பலர் கறவை மாடு உள்ள வீட்டிலிருந்து வருகிறீர்கள். நீங்கள் மருத்துவராக வேண்டுமென்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பக்கத்தில் பாலின் அளவையும் கொழுப்பையும் எழுதுங்கள். மறுபக்கத்தில் தொட்டியில் மிஞ்சியதை எழுதுங்கள். பாத்திரத்தை எல்லோரும் பார்க்கிறோம். தொட்டியைப் பார்ப்பவர் குறைவு. ஈன்ற பசுவின் உடல்நிலையைப் பாத்திரம் பிந்திச் சொல்லும். தொட்டி முந்திச் சொல்லும். ஐயம் ஏற்பட்டால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் வசதியும் இப்பொழுது இருக்கிறது.

வந்த மருத்துவர் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டுக் கிளம்பினால், தயங்காமல் அந்த நோட்டுப் புத்தகத்தை நீட்டுங்கள். பெண்ணாடத்தில் அன்று அந்தப் பெண் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: தின்னாத மாட்டின் பாலில் இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? கேட்பதில் குற்றமில்லை. கேட்டவளால்தான் அந்த வீட்டுப் பசு பிழைத்தது. மருத்துவனும் பாடத்தைத் திரும்பப் படித்தான்.